நாலு அங்குலம்: களக்காட்டு வாழைத்தோட்ட ஜீப்புக்குப் பட்டை மாற்றிய கதை

வாழைத்தார் அடிபட்டால் அன்றைக்குத் தெரியாது. காய் பச்சையாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துப் பழுக்கும்போதுதான் அடி விழுந்த இடம் கறுத்துக் காட்டும். அதற்குள் தார் கேரளத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், அங்கிருந்து வியாபாரிக்குப் போன் வரும், வியாபாரியிடமிருந்து தோட்டக்காரருக்குப் போன் வரும். களக்காட்டு மலையடிவாரத்தில் ஏத்தன் என்ற நேந்திரன் வாழை போட்டிருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு இப்படி ஒரே மாதத்தில் மூன்று முறை போன் வந்தது. அதற்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வண்டி லோடு தாங்குது. தார்தான் தாங்க மாட்டேங்கு. வந்து ஒரு எட்டு பாருங்க."

வண்டி பழைய மஹிந்திரா ஜீப், நீள சேசிஸ் (அடிச்சட்டம்), நாலு சக்கர இழுவை உள்ளது. தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு இரண்டரை கிலோமீட்டர். நடுவில் ஓடை ஒன்று, கால்வாய்க்கரை ஒன்று, மீதி வண்டிப்பாதை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் அந்தப் பாதையின் மண்ணெல்லாம் அடித்துக்கொண்டு போய், கீழே கிடந்த உருண்டைக் கற்கள் தலையைத் தூக்கிவிட்டன. முன்பு மினிலாரியே உள்ளே வந்து லோடு ஏற்றும். இப்போது ஜீப்தான் நடை அடிக்கிறது. ஒரு நடைக்கு நாற்பது தார், பின்னால் தொற்றிக்கொண்டு ஓர் ஆள்.

நான் போனது 2024 சித்திரையில். பின்பக்கம் குனிந்து பார்த்ததுமே பாதிக் காரணம் புரிந்தது.

இரண்டு பட்டைதானே என்று போட்டது

பட்டை என்பது வண்டியின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங், வில்போல வளைந்த எஃகுத் தகடு. பலவற்றை அடுக்கிச் சேர்த்தால் அது ஒரு கட்டு. இந்த வண்டியின் பின்பக்கக் கட்டு ஒவ்வொன்றிலும் 6 மி.மீ. கனத்தில் ஏழு பட்டை. பட்டையின் அகலம் 45 மி.மீ., எல்லாவற்றிலும் நீளமான மெயின் பட்டையை நிமிர்த்தி அளந்தால், இரு நுனியிலும் சுருட்டியிருக்கும் கண்ணுக்குக் கண் 42 அங்குலம். பலமுறை கைமாறி, பலமுறை பட்டை மாறிய வண்டி இது. ஆகவே இவற்றைக் கம்பெனி அளவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஒரு வண்டியில் நான் டேப் பிடித்து அளந்தவை, அவ்வளவுதான்.

அந்த ஏழுக்கும் அடியில் லாரிப் பட்டையை வெட்டிச் செருகிய இரண்டு, 8 மி.மீ. கனம். வண்டி பின்பக்கம் அமுங்குகிறது என்று யாரோ சொல்லிச் சேர்த்தது. "ரெண்டு பட்டைதான தம்பி, அதுல என்ன வந்திரப் போவுது" என்றார் அண்ணாச்சி.

வந்தது. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். 6 × 6 × 6 என்றால் 216. 8 × 8 × 8 என்றால் 512. ஆக ஒரு 8 மி.மீ. பட்டை, 6 மி.மீ. பட்டை இரண்டேகாலுக்கு மேல் சமம். அவர் ஏழோடு இரண்டைச் சேர்க்கவில்லை, கிட்டத்தட்ட ஐந்தைச் சேர்த்துவிட்டார். ஏழு பட்டைக் கட்டு பன்னிரண்டு பட்டைக் கட்டாகிவிட்டது. கணக்குப் போட்டால் ஏழு பட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் அமுங்க 3.8 கிலோ வேண்டும். லாரிப் பட்டை சேர்ந்த பிறகு 6.4 கிலோ.

கணக்கை மட்டும் நம்பக் கூடாது என்பதால் எட்டு சிமெண்ட் மூட்டையை ஹவுசிங்குக்கு, அதாவது பின்சக்கர அச்சின் உறைக்கு, நேர்மேலே அடுக்கினோம். 400 கிலோ. இரண்டு பக்கக் கட்டும் சேர்ந்து தாங்கும்போது வண்டி 31 மி.மீ. இறங்க வேண்டும். இறங்கியது 27. மிச்சம் பட்டைகளுக்கு நடுவே இருந்த துருவின் பிடி. அந்தக் கட்டு ஸ்பிரிங் போல வேலை செய்வதைவிட மரக்கட்டை போல வேலை செய்தது என்றே சொல்லலாம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வலது பக்கம், பட்டையின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் பின் பிராக்கெட்டைப் பிடித்திருந்த ரிவெட் ஒன்று தளர்ந்து, அதைச் சுற்றிச் செந்தூள் கோடு. பட்டை வாங்க வேண்டிய அடியை சேசிஸ் வாங்கிக்கொண்டிருந்தது.

எடைமேடையில் அரை மணி நேரம்

பட்டை மாற்ற வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் செய்யாத வேலை இது. செலவும் மிகக் குறைவு. நாங்குநேரிப் பக்கம் ஓர் எடைமேடையில் வண்டியைக் காலியாக ஒருமுறை, நாற்பது தாரோடும் ஆளோடும் ஒருமுறை நிறுத்தினோம். ஒவ்வொரு முறையும் முன்சக்கரம் மட்டும், பின்சக்கரம் மட்டும், முழுவண்டி என்று மூன்று எடை.

காலியில் முன் 730, பின் 590. லோடோடு முன் 760, பின் 1,060. அதாவது 500 கிலோ லோடில் 470 பின்பக்கத்திலேயே உட்காருகிறது. முன் பட்டைக்கு இந்தக் கதையில் பங்கே இல்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. நாலையும் மாற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ரசீதைத்தான் காட்டினேன்.

பின் எடையில் ஹவுசிங், இரண்டு சக்கரம், டிரம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 150 கிலோ பட்டைக்குக் கீழே இருப்பவை. அவற்றைப் பட்டை சுமப்பதில்லை. கழித்தால் பட்டை சுமப்பது காலியில் 440, லோடில் 910. ஒரு பக்கத்துக்கு 220, 455. இந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் பட்டை தேர்ந்தெடுப்பது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது மாதிரி.

வண்டி தூக்கிப் போடுகிறதா, தாலாட்டுகிறதா என்பதைச் சொல்ல ஒரு சுருக்குக் கணக்கு உண்டு. சுமையினால் பட்டை எத்தனை சென்டிமீட்டர் அமுங்கி நிற்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 300-ஐ வகுத்தால், வண்டி நிமிடத்துக்கு எத்தனை முறை ஏறி இறங்கும் என்று வரும். லாரிப் பட்டைக் கட்டில் காலி வண்டி 3.4 செ.மீ. அமுங்கி நின்றது. நிமிடத்துக்கு 160-க்கு மேல், அதாவது குதிரை ஓட்டம். லோடோடு 7.1 செ.மீ., அப்போது 112. தார் தாங்காததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

டயர் காற்றையும் பார்த்தேன். லாரிக்கு அடிப்பது போல அடித்து வைத்திருந்தார்கள். இறக்கியதும் கொஞ்சம் தணிந்தது. ஆனால் டயரால் இவ்வளவையும் சரிக்கட்ட முடியாது.

உயரம் வேறு, நீளம் வேறு

அண்ணாச்சியின் மருமகன் போனில் ஏதோ படம் பார்த்துவிட்டு, வண்டியைத் தூக்க வேண்டும் என்றார். ஹவுசிங்குக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே ஏற்றி உட்காரவைத்தால் ஐந்து அங்குலம் கிடைக்கும், ஓடைக் கல் இடிக்காது என்பது அவர் வாதம்.

இந்தப் பேச்சை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். ஓடைக் கல்லில் முதலில் இடிப்பது ஹவுசிங்கின் உருண்டை. அந்த உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைத் தருவது டயர் மட்டுமே. பட்டையை மேலே போட்டாலும் கீழே போட்டாலும், எத்தனை அடுக்குப் போட்டாலும் அந்த இடைவெளி ஒரு நூல்கூடக் கூடாது. கூடுவது சேசிஸின் உயரம், அதோடு லோடின் உயரம். நாற்பது தாரை ஐந்து அங்குலம் உயர்த்தி வைத்துக்கொண்டு கால்வாய்க்கரையில் சாய்வாகப் போவதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

இவருக்கு வேண்டியிருந்தது உயரம் இல்லை. பட்டை நிறைய அமுங்க வேண்டும், ஆனால் அமுங்கும்போது வலிக்கக் கூடாது. அதற்கு நீளம் வேண்டும்.

நீளத்தின் கணக்கு கனத்தின் கணக்குக்கு நேர் எதிர். நீளத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப விறைப்பு குறையும். 42 அங்குலத்தை 46 ஆக்கினால், பட்டையின் எண்ணிக்கையும் கனமும் மாறாமலே விறைப்பு நாலில் ஒரு பங்கு போய்விடும். 48 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் சும்மா கிடைப்பதில்லை. அதே சுமைக்கு நீளப் பட்டையின் உள்ளே ஏறும் அழுத்தம் நீளத்துக்கு ஏற்பக் கூடும். 46 ஆக்கினால் ஏறக்குறைய ஒன்பதரை சதவீதம் அதிகம். அதை ஈடுகட்ட ஒன்றிரண்டு பட்டை கூடுதலாகப் போட வேண்டும், அதுவும் அதே மெல்லிய கனத்தில். கனத்த பட்டையைப் போட்டால் நீளத்தால் வந்த லாபம் முழுக்க அதிலேயே கரைந்துவிடும். போதாததற்கு, ஒரே அளவு வளையும்போது 8 மி.மீ. பட்டைக்கு 6 மி.மீ. பட்டையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிக அழுத்தம் ஏறும். பழைய கட்டைப் பிரித்தபோது, செருகிய பட்டை ஒன்றில், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையிலிருந்து மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. அது 8 மி.மீ. பட்டை. ஏழில் ஒன்றுகூட விரியவில்லை.

அண்ணாச்சி ஒரு நல்ல கேள்வி கேட்டார். "நீளமெல்லாம் எதுக்கு? இதே நீளத்துல புதுசா ஒம்பது பட்டை போட்டா ஆவாதா?" ஆகும். 42 அங்குலத்தில் 6 மி.மீ. ஒன்பது பட்டை என்றால் விறைப்பு மில்லிமீட்டருக்கு 4.9 கிலோ, லோடில் நிமிடத்துக்கு 98. சேசிஸில் கை வைக்க வேண்டாம், செலவு பாதி. லோடு மட்டும் வேறாக இருந்திருந்தால், நெல் மூட்டையோ உர மூட்டையோ ஏற்றுகிற வண்டியாக இருந்திருந்தால், அதையே செய்யச் சொல்லியிருப்பேன். ஏத்தன் தாருக்காகத்தான் இன்னும் ஒருபடி போக வேண்டியிருந்தது.

இடம் சேசிஸில் இருக்க வேண்டும்

முதலில் நான் மனதில் வைத்தது 48 அங்குலம். வேறொரு வண்டியின் பழைய பட்டை அந்த நீளத்தில் கிடைக்கிறது என்று ஒரு கடையில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அகலம் 60 மி.மீ. அது நம் பிராக்கெட்டுக்குள் போகாது, கட்டை ஹவுசிங்கோடு இறுக்கும் யு போல்ட்டுக்கும் பொருந்தாது. அதற்காக நாலு பிராக்கெட்டையும் கீழ்த்தட்டையும் மாற்றினால் பட்டைக்கு ஆகும் செலவைப் போல மூன்று மடங்கு ஆகும். தவிர, அது எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியதோ யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்று விட்டேன்.

அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து இடத்தை அளந்தேன். இதை நான் முதலில் செய்திருக்க வேண்டும். முன் பிராக்கெட்டை முன்னால் தள்ளினால் பட்டையின் முன்பாதி நீளும். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஹவுசிங் தன் மூக்கை, அதாவது புரொப்பெல்லர் ஷாப்ட் (எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுவரும் தண்டு) வந்து சேரும் முன்முனையை, தூக்கிக்கொண்டு சுழலப் பார்க்கும். அதை அடக்கிப் பிடிப்பதில் பெரும்பங்கு முன்பாதிப் பட்டையுடையது. அதை நீட்டினால் ஓடை ஏற்றத்தில் வண்டி உதறும், ஜாயிண்ட் தேயும். அதனால் முன்பாதி 21 அங்குலம் அப்படியே இருக்கட்டும், நீளம் முழுவதும் பின்பாதிக்குப் போகட்டும் என்று தீர்மானித்தேன். முன் பிராக்கெட் நகராததால் ஹவுசிங்கும் நகராது, புரொப்பெல்லர் ஷாப்டிலும் கை வைக்க வேண்டியதில்லை.

பின்னால் பிராக்கெட்டிலிருந்து குறுக்குச்சட்டம் வரை இருந்த இடம் நாலேகால் அங்குலம். ஆகவே நாலு அங்குலம்தான் நீட்டலாம். 46 என்ற அளவை நான் தேர்ந்தெடுக்கவில்லை, குறுக்குச்சட்டம் தேர்ந்தெடுத்தது.

முன் 21, பின் 25 என்று சமமில்லாமல் பிரிந்ததில் விறைப்பு ஒன்றரை சதவீதம்தான் மாறும். கவனிக்க வேண்டியது வேறு. லோடு ஏற ஏற ஹவுசிங்கின் மூக்கு கணக்குப்படி ஒரு டிகிரிக்குச் சற்று மேல் தாழும். இழுவையில் மூக்கு மேலே எழத்தான் பார்க்கும் என்பதால் அதை அப்படியே விட்டேன். கோணத்தைத் திருத்த ஆப்பு எதுவும் வைக்கவில்லை.

எத்தனை பட்டை என்பதில்தான் பட்டறை மேஸ்திரிக்கும் எனக்கும் இழுபறி. நான் எட்டு என்றேன், அவர் பத்து என்றார். "நீங்க நாப்பது தார்னு சொல்லுதீங்க. வெட்டு நாளன்னைக்கு அறுபது ஏத்துவாங்க, ஏத்தாம இருப்பாங்களா?" டிரைவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். ஒன்பது என்று முடிவானது.

46 அங்குலம், 6 மி.மீ., ஒன்பது பட்டை. விறைப்பு 3.7 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. காலியில் 60 மி.மீ. அமுங்கும், லோடில் 124. நிமிடத்துக்கு 122, 85. பழைய ஏழு பட்டையோடு ஒப்பிட்டால் விறைப்பு ஏறக்குறைய அதேதான், ஆனால் உள் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. ஏழு பட்டை அமுங்கிப்போனதற்குக் காரணமே அந்த அழுத்தம்தான்.

தச்சநல்லூர்ப் பட்டறை

லாரிப் பட்டை அடிக்கிற பட்டறை அது. சிலிக்கன், மாங்கனீசு கலந்த ஸ்பிரிங் ஸ்டீல் நீளத் துண்டுகளாக வரும், இஎன்45 என்று முத்திரை இருக்கும். மெயின் பட்டையின் நுனியை உலையில் ஆரஞ்சு நிறம் வரும்வரை விட்டு, ஊசிக்கட்டையில் கொடுத்து ஒரே இழுப்பில் கண்ணைச் சுருட்டினார்கள். இரண்டாவது அடி தேவைப்பட்டால் அந்தப் பட்டையையே ஒதுக்கிவைத்துவிடுகிறார் மேஸ்திரி. பிறகு வளைவு கொடுத்து, மறுபடி சூடாக்கி, எண்ணெய்த் தொட்டிக்குள் ஒரே முக்கு. அப்போது பட்டை கண்ணாடி மாதிரி, கீழே போட்டால் உடையும். அதை மீண்டும் இதமான சூட்டுக்குக் கொண்டுவந்து பதம் இறக்க வேண்டும். சூடு மீட்டர் இருந்தும் மேஸ்திரி ஒரு வேப்பங்குச்சியை எடுத்துப் பட்டைமேல் தேய்த்துப் பார்த்தார். குச்சியின் நுனி புகைந்து, தேய்த்த கோட்டில் பொடிப்பொடியாகப் பொறி மின்னி அணைந்தது. "இப்பம் சரி" என்று வெளியே எடுத்துப் போட்டார். மீட்டரையும் பார்த்தேன், நானூற்றைம்பதை ஒட்டி நின்றது.

இந்தப் பதம்தான் பட்டையின் உயிர். வண்டியில் மாட்டியிருக்கிற பட்டையைக் கேஸ் வைத்துச் சூடாக்கி வளைவு ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும். பத்து நாளில் பட்டை பழையபடி தட்டையாகும், இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே முறியும்.

இரண்டாம் பட்டையை முன்பக்கம் மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றித் தளர்வாக வளைத்துவிடச் சொன்னேன். பட்டாள வண்டிகளில் இப்படி இருக்கும். மெயின் பட்டை கண்ணோரம் முறிந்தாலும் ஹவுசிங் கழன்று போகாமல் இரண்டாம் பட்டை பிடித்துக்கொள்ளும். காட்டோரத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் நின்றுபோகக் கூடிய வண்டிக்கு இது அவசியம்.

வண்டியில் மாட்டாமல் சும்மா இருக்கும்போது வளைவு 135 மி.மீ. வண்டிக்கு அடியில் காலியில் 75, லோடில் 11. வளைந்த பட்டை நிமிரும்போது கண்ணுக்குக் கண் தூரம் கூடும். காலியிலிருந்து லோடுக்கு 12, 13 மி.மீ. சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையிலிருந்து பட்டை தட்டையாகும் நிலைக்கு 42 மி.மீ. அத்தனைக்கும், பட்டையின் பின்கண்ணைப் பின் பிராக்கெட்டோடு இணைத்துத் தொங்கும் ஷேக்கிள்தான் ஆடிக் கொடுக்க வேண்டும். அதனால் பின் பிராக்கெட்டை, காலி வண்டியில் ஷேக்கிளின் கீழ்முனை சற்றுப் பின்தள்ளிச் சாய்ந்து நிற்கும்படி வைத்தோம். முன்பக்கம் சாய்ந்து நின்றால் பட்டை நிமிர வழியில்லாமல் முட்டும், எவ்வளவு நல்ல பட்டையும் கட்டைபோல ஆகிவிடும். நீளப் பட்டை போட்டும் மென்மை வரவில்லை என்று புலம்புகிறவர்களின் வண்டியில் நான் முதலில் பார்ப்பது இந்தச் சாய்வைத்தான்.

பிராக்கெட்டை வெல்டிங் வைக்கவில்லை. ரிவெட்டை அறுத்து, சேசிஸ் சட்டத்தின் உட்புறம் பட்டைத்தகடு கொடுத்து, ஹைடென்சில் போல்ட் போட்டு முறுக்கினோம். துளை எல்லாம் சட்டத்தின் பக்கவாட்டில் மட்டும். மேல் கீழ் விளிம்பில் ஒரு துளையும் போடவில்லை, அங்கே போட்டால் சட்டம் விரியும். பழைய ஷாக் அப்சார்பரின் ஓட்டம் போதவில்லை. சக்கரம் தொங்கும் நிலையிலிருந்து பம்ப் ரப்பரில் முட்டும் வரை 184 மி.மீ. வேண்டும். இருந்தது 160. மாற்றாவிட்டால் தொங்கும் சக்கரத்தின் எடை முழுவதும் ஷாக்கின் கம்பியில் விழும். பிரேக் ஹோஸும் நீளமானது போட்டோம். யு போல்ட் புதிது. பழைய யு போல்ட்டை மறுபடி முறுக்குவது என்னிடம் கிடையாது. ரப்பர் புஷ் உள்ள பின்களை வண்டி தரையில் நின்ற பிறகே இறுக்கினோம். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. இங்கே சக்கர இடைவெளி, இருக்கை, அனுமதித்த எடை எதுவும் மாறவில்லை. என்றாலும் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் ரிவெட்டை அறுத்தோம்.

வண்டி இறங்கிவிட்டதே

வண்டியை எடுக்க வந்த அண்ணாச்சி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் முன்பைவிட ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது. "தம்பி, நீளமாப் போடுதேன்னு சொல்லிட்டு குட்டையாக்கி வச்சிருக்கியளே!" அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் மருமகன் வேறு. லாரிப் பட்டை அமுங்காமல் விறைத்து நின்ற உயரம் அது, வண்டியின் உயரம் இல்லை என்று சொன்னேன். நம்பினாரா தெரியாது.

அதே எட்டு சிமெண்ட் மூட்டை. கணக்கு 54 மி.மீ., இறங்கியது 51. இறக்கியபோது உடனே முழுக்கத் திரும்பவில்லை, 6 மி.மீ. பாக்கி. பம்பரில் ஏறி இரண்டு குதி குதித்ததும் வந்துவிட்டது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் பிடி அது, புதுக் கட்டில் இருக்கத்தான் செய்யும்.

அடுத்த வெட்டுக்கு நானும் பின்னால் தாரோடு உட்கார்ந்து போனேன். ஓடைக்குள் இறங்கும்போது இடது சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏற, வலது சக்கரம் தானாகக் கீழே தேடிப் போய்த் தரையைத் தொட்டது. முன்பு அந்த இடத்தில் வலது சக்கரம் அந்தரத்தில் சுற்றுமாம், கல்லை அடுக்கிக் கொடுப்பார்களாம். தார்களுக்கு நடுவே வைத்த காய்ந்த சருகு நகர்ந்திருக்கவில்லை. அந்த மாதம் வியாபாரியிடமிருந்து போன் வந்தது, ஆனால் கறுப்பைப் பற்றி இல்லை, விலையைக் குறைக்கச் சொல்லி.

சரி, குறை இல்லாமலா? விறைப்பு முன்பிருந்ததில் பாதிக்குச் சற்று மேல்தான் என்பதால் பக்கவாட்டுச் சாய்வு கூடிவிட்டது. கால்வாய்க்கரையில் முதல் நாளே டிரைவர் தம்பி நிறுத்திவிட்டான். "அண்ணே, ஆடுது. பயமா இருக்கு." அவன் பயந்தது நியாயம். தார்களை மூன்று அடுக்கு நிறுத்தி வைக்கும் வழக்கத்தை மாற்றி, இரண்டு அடுக்கோடு நிறுத்தச் சொன்னேன். நாற்பது தார் முப்பத்தைந்தாகிவிட்டது. அண்ணாச்சிக்கு அது இன்னும் மனக்குறைதான். ஒரு நாளைக்கு ஒரு நடை கூடுகிறது, டீசல் கூடுகிறது என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

இரண்டாவது குறை என் தவறு. பின் பிராக்கெட் நாலு அங்குலம் பின்னால் போனதால், ஓடையை விட்டு மேலே ஏறும்போது ஷேக்கிளின் அடிமுனை கரைக்கல்லில் உரசியது. முன் பிராக்கெட்டைப் பற்றி அவ்வளவு யோசித்தவன் வண்டி ஏறும் கோணத்தை அளக்கவில்லை. ஐப்பசி மழைக்குள் பட்டைத்தகட்டை வளைத்து ஷேக்கிளுக்கு முன்னால் சறுக்குக் காப்பாக அடித்துக் கொடுத்தேன். இப்போது உரசினாலும் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

மூன்று மாதம் கழித்துக் கிரீச்சென்று சத்தம் வந்தது. யாரோ வேஸ்ட் ஆயில் அடித்து வைத்திருந்தார்கள். லாரிக்காரர்கள் செய்வதுதான், ஆனால் இந்த மண்பாதையில் ஆயிலில் புழுதி ஒட்டி உப்புத்தாள் மாதிரி பட்டையைத் தேய்க்கும், ரப்பர் புஷ்ஷும் ஊறிப்போகும். கட்டைப் பிரித்துக் கழுவி, பட்டைகளுக்கு நடுவே கிராபைட் கிரீஸ் மெல்லிசாகத் தடவிக் கட்டினோம். அத்தோடு சத்தம் நின்றது.

ஓராண்டு கழித்து வளைவை மறுபடி அளந்தேன். காலியில் 75 இருந்தது 71 ஆகியிருக்கிறது. புதுப் பட்டை முதல் சில மாதத்தில் இப்படிக் கொஞ்சம் படியும், அதற்கப்புறம் நிற்கும். யு போல்ட் இரண்டாவது முறை இறுக்கியதோடு அசையவில்லை. இடதுபக்கப் பின் ஷேக்கிளின் மேல் புஷ் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. கால்வாய்க்கரையில் வண்டி எப்போதும் இடதுபக்கம் சாய்ந்தே போகிறது, அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆடிக்குள் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.